அத்தியாயம் 7: கடைசி பெஞ்சுக்கும் ஓர் அழைப்பு

பள்ளித் தோழர்கள் சந்திப்பு என்று பேச்செடுத்த முதல் வாரத்திலேயே மூன்று காரியங்கள் நடந்துவிடும். ஒருவர் வாட்ஸ்அப் குழு தொடங்குவார். இன்னொருவர் டி-ஷர்ட்டுக்கு டிசைன் அனுப்புவார். மூன்றாமவர் ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ரிசார்ட் வாடகை விசாரித்துக்கொண்டு வந்து நிற்பார். இந்த மூன்று பேரும் எப்படியும் வரப்போகிறவர்கள். அவர்களுக்காக நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அழைப்பைப் பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் "அன்னைக்கு ஒரு விசேஷம் இருக்கு" என்று நழுவுகிறார்களே, அவர்களை மனதில் வைத்துத்தான் தேதி, இடம், பணம், பந்தி எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் வந்துவிட்டால் நிகழ்ச்சி தானாகக் களைகட்டும்.

ஒரு சிறு நகரத்து அரசு மேல்நிலைப் பள்ளி, 1990-களில் படித்த செட், ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தவர்கள் என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன். சென்னையில் கான்வென்ட்டில் படித்தவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

எந்த செட்?

முதல் முடிவு இதுதான். பலரும் இதை முடிவு என்றே நினைப்பதில்லை. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ முறை வந்தது. அதற்கு முன்னால் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். அந்தக் காலத்து ஆட்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு ஒரே செட், குழப்பம் இல்லை. பிறகு வந்தவர்களுக்குத்தான் பத்தாவது செட்டா, பிளஸ் டூ செட்டா என்ற கேள்வி.

பிளஸ் டூ என்று வைத்தால் யார் யார் வெளியே நிற்பார்கள் என்று பாருங்கள். பத்தாவதில் தவறியவர்கள், ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் போனவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறியவர்கள், பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண்கள். பத்தாவது என்று வைத்தாலும் எட்டிலும் ஒன்பதிலும் நின்றவர்கள் விடுபடுவார்கள். வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைத்த ஆள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருப்பார்.

அதனால் தேர்ச்சி பெற்ற ஆண்டை விட்டுவிடுங்கள். சேர்ந்த ஆண்டைப் பிடியுங்கள். "1988-ல் ஆறாம் வகுப்பு சேர்ந்தவர்கள்" என்று அழைப்பிதழில் போட்டால், 1993-ல் பத்தாவதும் 1995-ல் பிளஸ் டூவும் முடித்தவர்கள் அதில் அடக்கம், பாதியில் நின்றவர்களும் அடக்கம். பாஸ், ஃபெயில் என்ற பேச்சே எழாது. நடுவில் வேறு பள்ளியிலிருந்து பதினொன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றால், அவர்களுக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அ பிரிவு, ஆ பிரிவு, தொழிற்பிரிவு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். முதல் குரூப்காரர்கள் மட்டும் தனியாகக் கூடுகிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

ஆள் தேடும் படலம்

வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் குழுவுக்குத் தானாக வருகிறவர்கள் ஸ்மார்ட்போனில் பழகியவர்களும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களும்தான். மற்றவர்களைக் காலால்தான் தேட வேண்டும்.

பழைய குரூப் போட்டோவில் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு முடியும்போது எடுத்த படம் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். அதைப் படமெடுத்துப் போட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுத்து, "7-ம் நம்பர் யாரு?" என்று கேளுங்கள். இரண்டே நாளில் பாதிப் பெயர் வந்துவிடும். மீதிக்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு உண்டு. அதைப் பள்ளிகள் நிரந்தரமாக வைத்திருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெயரையும் ஊரையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுவது தப்பு. அதில் சாதி, பெற்றோர் தொழில் எல்லாம் இருக்கும்.

பிறகு ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் அந்த ஊர் டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். "அவனா? கேரளாவுல கல்லு வேலையில இருக்கான். அவங்க அண்ணன் இப்ப வருவாரு, நம்பர் வாங்கிக்க" என்று தகவல் வந்துவிடும்.

பெண்களைத் தேடுவது வேறு வேலை. கல்யாணமாகி ஊர் மாறியிருக்கும், இனிஷியல் மாறியிருக்கும், முகநூலில் பூப்படமோ சாமிப்படமோதான் இருக்கும். வழி தாய்வீட்டில் இருக்கிறது. அம்மாவோ தம்பியோ நம்பர் கொடுப்பார்கள். ஆனால் அழைப்பது கூடப் படித்த இன்னொரு பெண்ணாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆண் குரல், "நான் உங்க கூடப் படிச்சவங்க" என்று ஆரம்பித்தால், அந்தப் பெண் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2018-ல் '96' படம் வந்ததிலிருந்து "ரீயூனியன்" என்றாலே சில வீடுகளில் புருவம் உயர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்பாட்டுக் குழுவில் குறைந்தது மூன்று பெண்கள் இருக்கட்டும். வரவேற்புரை வாசிப்பதற்காக இல்லை, தேதியையும் நேரத்தையும் முடிவு செய்வதற்காக.

தயங்குகிறவரிடம் பேசுவதும் ஒரு கலைதான். அவர் சொல்வது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "நான் வந்து என்னடா பண்ணப் போறேன்? நீங்கள்லாம் பெரிய பெரிய வேலையில இருக்கீங்க." இதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, சும்மா வா" என்பது பதிலாகாது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "பந்தல்காரன்கிட்ட நீ பேசினாத்தான்டா விலை படியும்", "நம்ம பி.டி. சாரை நீதான் வண்டியில கூட்டிட்டு வரணும். உன்னையத்தான் அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பொறுப்பு ஏற்றவர் வராமல் இருக்க மாட்டார். அந்த வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஒப்புக்குக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

தேதியும் இடமும்

முதல் சந்திப்பு ஒரு நாள், பகலில், படித்த பள்ளியில். காலை பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் முடிய வேண்டும். இரவு தங்கல் வைத்தால் பெண்களில் பாதிப் பேர் அப்போதே விலகிவிடுவார்கள். ரிசார்ட் என்றால் தினக்கூலிக்குப் போகிறவரும் விலகுவார். மலைக்குப் போவதை மூன்றாவது சந்திப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி வேண்டாம், மண்டபம் எடுக்கலாம் என்று ஒருவர் சொல்வார். எந்த மண்டபம் என்று கேளுங்கள். நம் ஊர்களில் பல கல்யாண மண்டபங்கள் ஏதாவது ஒரு சமுதாயச் சங்கத்துக்குச் சொந்தம். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நுழையச் சிலருக்குக் கால் கூசும், வெளியே சொல்ல மாட்டார்கள். வகுப்பறைக்குள் நுழைய யாருக்கும் அந்தத் தயக்கம் இல்லை. மண்டபம்தான் வேண்டுமென்றால் பொதுவான ஒன்றாகப் பாருங்கள். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாததால் சுலபமாகக் கிடைக்கும், வாடகையிலும் பேரம் பேசலாம். வளைகுடா நாடுகளில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விடுவதும் ஜூலை, ஆகஸ்டில்தான். அங்கே வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வரும் காலம் அது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய சனி ஞாயிறு பல செட்டுகளுக்கு ஒத்துவருகிறது.

பள்ளிக்கு எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். தலைமையாசிரியர் சரி என்று சொன்ன பிறகும் இன்னொன்றை விசாரிக்க வேண்டும்: அன்றைக்கு அந்தப் பள்ளி தேர்வு மையமா? டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள் சனி ஞாயிறுகளில்தான் அதிகம் நடக்கும், பள்ளிகள்தான் மையம். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. நவம்பர் வார இறுதிகளில் வாக்காளர் பட்டியல் முகாம் போட்டுவிடுவார்கள், அதோடு மழையும் சேரும். மே மாதம் தகரக் கொட்டகைக்குக் கீழே அறுபது வயது டீச்சரை உட்கார வைப்பது பாவம். புரட்டாசியில் வைத்தால் பிரியாணிக்கு மனு போட முடியாது. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது பொங்கல் முடிந்த தை இரண்டாம் பாதி, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். தை முகூர்த்த நாள்களைக் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் தாலி கட்டு முடிந்துதான் வருவார்கள்.

தேதியை ஆறு மாதம் முன்னதாக அறிவியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் லீவு போட வேண்டும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாள் வரும்போது குழுவில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் அன்று காலையிலேயே டிக்கெட் எடுத்துவிடட்டும்.

பணம்

சண்டை வருவது இங்கேதான். நூறு பேருக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இலைக்கு 250 ரூபாய் என்றால் சாப்பாடு 25,000. பந்தல், நாற்காலி, மைக் 10,000. ஆசிரியர்களை அழைத்து வரும் கார், அவர்களுக்கான மரியாதை 12,000. போட்டோவுக்கு 8,000. டீ, பலகாரம், தண்ணீர் 6,000. இதர செலவு 4,000. மொத்தம் 65,000 ரூபாய். உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். நூறு பேரில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் போக எண்பது பேர் கொடுப்பார்கள் என்றால் ஆளுக்கு 800 ரூபாய்க்குச் சற்று மேல் வரும்.

இந்த 800-ஐ எல்லாருக்கும் ஒரே கட்டணமாக வைக்காதீர்கள். 300 என்று வையுங்கள். அதற்கு மேல் கொடுக்க முடிந்தவர்கள் பொருளாளருக்குத் தனியாக அனுப்பட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் குழுவில் வரக் கூடாது. மொத்த வரவு, மொத்த செலவு மட்டும் வரட்டும். "இருபதாயிரம் தந்த நம் நண்பர்" என்று மேடையில் சால்வை போர்த்தினால் முந்நூறு கொடுத்தவர் அடுத்த முறை வர மாட்டார். முந்நூறும் முடியாதவர் இருப்பார். அவரிடம் யாரும் கேட்கவே கூடாது, பொருளாளர் "வந்துடுச்சு" என்று குறித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த அளவுக்கு வாய் காக்கத் தெரிந்தவரைப் பொருளாளராகப் போடுங்கள். கணக்கு வழக்குத் தெரிந்தவர் கூட இருந்து உதவலாம்.

டி-ஷர்ட்டைப் பற்றி என் கருத்து: வேண்டாம். அளவு சேராது, பெண்கள் பலர் போட மாட்டார்கள், செலவு இலைச் சாப்பாட்டுக்கு மேல் போகும். பழைய சீருடையில் வருவது என்று இப்போது ஒரு மோஸ்தர். காக்கி நிக்கரும் வெள்ளைச் சட்டையும் போட்டு முட்டி போடுவது, வாத்தியாரிடம் பிரம்படி வாங்குவது போல வீடியோ எடுப்பது எல்லாம் நடக்கிறது. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிரம்பினால் பள்ளியை விட்டே ஓடிப்போன ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே சட்டையை ஆறு நாளும் துவைத்துப் போட்டவருக்குச் சீருடை என்பது வேறு ஞாபகம்.

அன்றைக்கு

வாசலில் பெயர்ப் பட்டை கொடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். எல்லாருக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்ட வயது. இனிஷியலோடு போடுங்கள். அந்தக் காலத்து வகுப்பில் எப்படியும் மூன்று செந்தில், நான்கு செல்வி இருப்பார்கள். எம். செந்தில் என்றால்தான் விளங்கும். பட்டப்பெயரைப் பட்டையில் எழுத வேண்டாம். "வாடா குருவி" என்று நண்பன் கூப்பிடுவது வேறு, குழுவே அச்சடித்துத் தருவது வேறு. உடம்பையும் நிறத்தையும் வைத்துக் கூப்பிட்ட பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது என்று தொகுப்பாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மேடை போடாதீர்கள். வேப்பமரத்தடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆசிரியர்களை அந்த வட்டத்திலேயே உட்கார வையுங்கள். மேடை இருந்தால் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று போய்ப் பன்னிரண்டரை ஆகிவிடும். உள்ளூர்ப் பிரமுகர் யாரையும் கூப்பிட வேண்டாம். செட்டிலேயே ஒருவர் கவுன்சிலராகவோ பெரிய அதிகாரியாகவோ இருந்தால் அவரும் வட்டத்தில் உட்காரட்டும்.

முதல் நிகழ்ச்சி வருகைப்பதிவு. இதற்கு இணையாக எதுவும் இல்லை என்பது என் அனுபவம். வகுப்பாசிரியர் கையில் ஒரு நீளமான நோட்டைக் கொடுத்து, அந்தக் காலத்து வரிசைப்படியே பெயர்களைப் படிக்கச் சொல்லுங்கள். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல ஐம்பது வயது ஆள் எழுந்து நிற்கும்போது அடக்க முடியாத சிரிப்பு கிளம்பும். ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு ஆளைத் தேடுவார். "நீயாடா அது? கணக்குல பூஜ்யம் வாங்கினவன்ல?" என்பார். அந்த ஆள் இப்போது ஊரில் வட்டிக்கடை வைத்திருப்பார். சுயஅறிமுகம் என்று தனியாக வைத்தால், "நான் இன்ன கம்பெனியில் இன்ன பதவியில்" என்று சம்பளப் பட்டியல் வாசிப்பது போல ஆகிவிடும். வருகைப்பதிவில் அந்தத் தொல்லை இல்லை. பெயர் சொன்னதும் ஒவ்வொருவரும் எந்த பெஞ்சில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று மட்டும் சொல்லட்டும்.

இறந்துபோனவர்களின் பெயர்களை வருகைப்பதிவுக்கு முன்பே படித்து ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். பிறகு அந்தப் பெயர்கள் நோட்டில் இல்லை என்பதை இரண்டு பேர் சரிபாருங்கள். வயதான ஆசிரியர் தெரியாமல் பெயரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்படி விடக் கூடாது. இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டில் கேட்டு உறுதி செய்யாமல் யாரையும் காலமானவர் பட்டியலில் சேர்க்காதீர்கள். "செத்துட்டான்னு கேள்விப்பட்டேன்" என்பது தகவல் ஆகாது.

ஆசிரியர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். அழைக்க நேரில் போங்கள், வெற்றிலை பாக்கோடு. எண்பது வயதுக்காரருக்குக் கார், துணைக்கு ஒரு ஆள், பக்கத்தில் கழிப்பறை, பன்னிரண்டரைக்கே சாப்பாடு. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் பந்திக்காக இரண்டு மணி வரை காத்திருக்க முடியாது. பொன்னாடை ஏற்கெனவே பீரோ நிறைய இருக்கும். வேட்டி, சேலை, நல்ல கைத்தடி, போர்வை என்று உபயோகமாகக் கொடுங்கள். அழைக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள் மட்டும் இல்லை. மணி அடித்த பியூன், கேட்டுக்கு வெளியே கூடையில் நெல்லிக்காயும் மாங்காய்க் கீற்றும் விற்ற பாட்டி, சத்துணவு ஆயா எல்லாரும் வர வேண்டும். சத்துணவுத் திட்டம் 1982-ல் தொடங்கி, 1984-ல் பதினைந்து வயது வரை விரிந்தது. 1988-ல் ஆறாம் வகுப்பு சேர்ந்தவர்களில் பலர் அந்தத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆயாவுக்கும் ஆசிரியருக்குக் கொடுத்த அதே சேலை, அதே தரம்.

சாப்பாட்டில் ஒரு அசைவம், ஒரு சைவம் போதும். பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் என்று சமையல் மாஸ்டர் கணக்கு சொல்வார். சைவத்தைத் தனிக் கொட்டகையில் வைக்காமல் ஒரே பந்தியில் பரிமாறுங்கள். பரிமாறுவதை நாமே செய்ய வேண்டும். இருபத்தைந்து பேர் உட்கார, இன்னொரு இருபத்தைந்து பேர் வாளியோடு நிற்க, அடுத்த பந்தியில் மாறிக்கொள்ளலாம். பேச்சு வராத இருவர்கூட, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்பதில் தொடங்கிவிடுவார்கள். குழந்தையையோ கணவரையோ கூட்டி வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே எண்ணிவிடுங்கள். "குடும்பத்தோடு வரலாமா?" என்று கேட்கும் பெண்ணுக்கு ஒரே பதில்தான்: வரலாம்.

மதியத்துக்கு மேல் திட்டம் எதுவும் வேண்டாம். பழைய குரூப் போட்டோவில் இருந்த அதே வரிசையில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குள்ளமாக முன்வரிசையில் உட்கார்ந்தவர் இப்போது ஆறடி இருப்பார், இருக்கட்டும். இல்லாதவர் இடத்தைக் காலியாக விடுங்கள். மற்ற நேரமெல்லாம் அவரவர் பழைய வகுப்பறைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கட்டும். பாட்டுக்குப் பாட்டு, மியூசிக்கல் சேர் வைத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு அரை மணி கொடுங்கள்.

சரக்கு விஷயத்தை மூடி மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. பள்ளி வளாகத்தில் கிடையாது, பொதுப் பணத்தில் கிடையாது, முந்தைய இரவே லாட்ஜில் ஆரம்பித்துவிட்டுக் காலையில் வாடையோடு வருவதும் கிடையாது. இதை அழைப்பிலேயே ஒரு வரியாகப் போடுங்கள். பெண்கள் வருவதும் வராததும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் கணக்கைக் குழுவில் வையுங்கள். ரசீதுகளின் படமும் சேரட்டும். போட்டோக்களை முகநூலில் ஏற்றுவதற்கு முன் பெண்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வர முடியாதவர்களுக்குக் குரூப் போட்டோவைத் தனித்தனியாக அனுப்புங்கள். போன் இல்லாத ஆயாவுக்கும் நெல்லிக்காய்ப் பாட்டிக்கும் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

பணம் மிஞ்சினால் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நாமாகச் சுவர்க் கடிகாரமும் பெயர் பொறித்த பெஞ்சும் வாங்கித் தந்து பழகிவிட்டோம். அவர் கேட்பது கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாயாகவோ, குடிநீர் இயந்திரத்துக்கு ஃபில்டராகவோ இருக்கும். பெரிய தொகை என்றால் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகக் கொடுக்கலாம்.

குழுவில் காலை வணக்கம், கட்சி, மதம் மூன்றுக்கும் தடை போடுங்கள். பிறகு அறிவிப்புக்கு மட்டும் ஒரு குழு, அரட்டைக்கு ஒரு குழு என்று பிரித்துவிட்டால் சண்டை அரட்டையோடு நிற்கும்.

வருடா வருடம் கூடுவோம் என்று அன்றைய உற்சாகத்தில் அறிவித்துவிடாதீர்கள். இரண்டாவது வருடம் பாதிப் பேர், மூன்றாவது வருடம் அந்த டி-ஷர்ட்காரரும் ரிசார்ட்காரரும் மட்டும் என்று சுருங்கிவிடும். மூன்று அல்லது ஐந்து வருட இடைவெளி நல்லது. அடுத்த பொறுப்பை வேறு ஆள்களிடம் விடுங்கள். இந்த முறை பந்தல்காரரிடம் பேரம் பேசியவரையே கேட்டுப் பாருங்கள். சரி என்றால் போன் நம்பர் பட்டியல், கணக்கு நோட்டு, பந்தல்காரர், சமையல் மாஸ்டர் விலாசம், மிச்சப் பெயர்ப் பட்டைகள், இன்னும் கண்டுபிடிக்க முடியாதவர்களின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.